ஒரு மனு முடியட்டும்: அன்றாட வேலையில் மனசு ஒன்ற நான் கண்ட வழிகள்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள். மதுரை கலெக்டர் ஆபீஸில் அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர், திருமங்கலம் என்று நாலா பக்கமிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்திருப்பார்கள். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் மடிப்பு கிழிந்த பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார் நகல். அவர்கள் சொல்லச் சொல்ல மனுவாக அடித்துக் கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை, அண்ணா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இதே சின்னக் கடை.

இதில் பாதிக் காலத்துக்கு மேல் எனக்கு மனசு ஒன்றவே இல்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா வணக்கம். விரல் பாட்டுக்கு ஓடும், நான் வீட்டு வாடகையையோ மகளின் பரீட்சைக் கட்டணத்தையோ நினைத்துக்கொண்டிருப்பேன். சாயங்காலம் கடையைச் சாத்தும்போது என்ன செய்தோம் என்றே தெரியாது, உடம்பு மட்டும் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும்.

இப்போது அப்படி இல்லை. மகள் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். புதுநத்தம் சாலையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு நானும் போய் உட்காருகிறேன். அவள் படித்துச் சொல்வதைக் கேட்டு, மறுநாள் என் மேசையில் செய்து பார்ப்பேன். பலது நிற்கவில்லை. நின்றவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன். கணக்கு எழுதுகிறவர், தையல் கடை வைத்திருப்பவர், மருந்துக் கடையில் நிற்பவர், யாராக இருந்தாலும் தன் மேசைக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

நாலு வருஷம் முன்பு உசிலம்பட்டி பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பட்டாவில் அவர் பெயர் விட்டுப்போயிருந்தது, சேர்க்கச் சொல்லி மனு. நிலம் சர்வே எண் 214/3ஆ. எண்ணை அடிக்கிற நேரத்தில், "அக்கா, ஒரே ஒரு ஜெராக்ஸ்" என்று ஒரு பையன் காகிதத்தை நீட்டினான். எழுந்து எடுத்துக் கொடுத்தேன். போன் அடித்தது, பேசினேன். ஒருவர் ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அடித்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன்.

214/3அ என்று அடித்திருந்தேன். அது அவருடைய தம்பியின் பங்கு.

விசாரணைக்கு இரண்டு பேரையும் கூப்பிட்டபோது, அண்ணன் தன் நிலத்தைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டதாகத் தம்பி நினைத்துவிட்டார். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. இரண்டு மாதம் கழித்துப் பெரியவர் என் கடைக்கு வந்தார். திட்டவில்லை. காகிதத்தை மேசையில் விரித்து, ஆள்காட்டி விரலை அந்த எழுத்தின் மேல் வைத்து, "இந்தச் சுழிதான் தாயி விட்டுப்போச்சு" என்றார்.

புது மனு அடித்துக் கொடுத்தேன். தப்பு என்னுடையது என்று தம்பிக்குத் தனியாக ஒரு கடிதமும் எழுதி என் பெயரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. 'இனிமேல் கவனமாக இருக்க வேண்டும்' என்று நூறு தடவை சொல்லிக்கொண்டேன். மறு திங்கட்கிழமையும் மேசை அதே மேசை, கூட்டம் அதே கூட்டம், கவனம் பத்தரை மணிக்கெல்லாம் சிதறிவிட்டது. கவனமாக இரு என்று சொல்வதால் கவனம் வராது. அது வந்து தங்குவதற்கு ஓர் இடம் செய்து கொடுக்க வேண்டும் என்பது அப்புறம்தான் புரிந்தது.

விட்ட இடத்தை எழுதி வையுங்கள்

மகள் எனக்கு முதலில் சொன்ன பெயர் புளூமா ஸெய்கார்னிக். பெர்லினில் படித்த உளவியலாளர். அவருடைய ஆசிரியர் குர்ட் லெவின் ஓட்டல் பரிமாறுகிறவர்களிடம் கண்ட ஒரு விஷயத்திலிருந்து தொடங்கியது என்பார்கள்: காசு வாங்காத ஆர்டர் அவர்களுக்கு அப்படியே ஞாபகம் இருக்கும், வாங்கிவிட்டால் மறந்துபோகும். நம் ஊர் பரோட்டாக் கடையில் இதைத் தினமும் பார்க்கலாம். எட்டு டேபிளுக்கும் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதாமலே சொல்லும் சப்ளையரிடம், பில் முடிந்து பத்து நிமிஷம் கழித்துக் கேட்டால் முழிப்பார். ஸெய்கார்னிக் இதைச் சோதித்துப் பார்த்து 1927-இல் எழுதினார்: முடித்த வேலையைவிடப் பாதியில் நிறுத்தப்பட்ட வேலைதான் அதிகம் ஞாபகத்தில் நின்றது. பின்னால் செய்து பார்த்தவர்கள் எல்லாருக்கும் இந்த ஞாபக விஷயம் அதே மாதிரி வரவில்லை. ஆனால் அதே பெர்லினில் மரியா ஓவ்சியான்கினா 1928-இல் கண்டது உறுதியாக நிற்கிறது. பாதியில் விட்ட வேலையை யாரும் சொல்லாமலே மறுபடி எடுக்கத்தான் மனுஷர் தேடுகிறார்.

என் பெரியவர் விஷயத்தில் நடந்தது இதன் அடுத்த படி. அமெரிக்காவில் சோஃபி லெராய் 2009-இல் எழுதிய ஆய்வு இதைப் பற்றியது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது முதல் வேலையின் மிச்சம் மனசில் ஒட்டிக்கொண்டே வருகிறது, அந்த மிச்சத்தோடு செய்யும் அடுத்த வேலை சரியாக அமைவதில்லை. ஜெராக்ஸின் மிச்சம், போனின் மிச்சம், சில்லறையின் மிச்சம், மூன்றையும் சுமந்துகொண்டுதான் நான் அந்த எண்ணை அடித்திருக்கிறேன்.

அவரே இன்னொருவரோடு சேர்ந்து 2018-இல் இதற்கு ஒரு வழியும் சொன்னார். எழுந்து போகும் முன் எங்கே விட்டோம், திரும்பி வந்து என்ன செய்ய வேண்டும் என்று சின்னதாக எழுதி வைத்துவிட்டால் அந்த மிச்சம் ஒட்டுவது குறைகிறது.

நான் செய்வது இது. கீபோர்டுக்கு வலது பக்கம் நீளவாக்கில் ஒரு நோட்டு, பேனா கட்டியே இருக்கும். எழ வேண்டி வந்தால் ஒரு வரி: 'பேரையூர் அம்மா, இரண்டாவது பத்தி, வீட்டுக்காரர் இறந்த தேதி கேட்கணும்.' ஸ்கிரீனில் நின்ற இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி. திரும்பி வந்ததும் நோட்டு வரியை வாய்விட்டு ஒரு தடவை படிப்பேன், நட்சத்திரத்தை அழித்துவிட்டு அங்கிருந்து அடிப்பேன். நட்சத்திரம் கண்ணில் பட்டால் பிரிண்ட் கொடுக்க மாட்டேன். எழுதுவதற்குப் பத்து விநாடிதான் ஆகிறது. ஆரம்பத்தில் வாசலில் நிற்பவர்கள் பொறுமை இழப்பார்கள் என்று பயந்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை.

எண்களுக்குத் தனி விதி. சர்வே எண், ஆதார் எண், தேதி, இந்த மூன்றில் எதையாவது அடித்துக்கொண்டிருக்கும்போது கூரையே இடிந்தாலும் முடித்துவிட்டுத்தான் எழுவேன். எந்த வேலையிலும் இப்படிப் பாதியில் விடவே கூடாத இடம் ஒன்று இருக்கும். மருந்துக் கடைக்காரருக்கு மில்லிகிராம், தையல்காரருக்குத் துணியில் கத்தரி வைக்கிற நேரம். உங்கள் வேலையில் அது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். நாள் முழுக்க ஒரே அளவு கவனம் யாருக்கும் வராது. அந்த இடத்துக்கு மட்டும் வந்தால் போதும்.

ராத்திரிக்கும் இதே நோட்டுதான். கடை சாத்தும் முன், பாக்கி நிற்கும் வேலையை எழுதி, நாளை எத்தனை மணிக்கு எதை முதலில் எடுப்பது என்று பக்கத்திலேயே குறித்து வைக்கிறேன். முடியாத வேலை மனசை நச்சரிப்பது, அதை எப்படி முடிப்பது என்று ஒரு திட்டம் எழுதியதுமே அடங்கிவிடுகிறது என்று மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-இல் காட்டினார்கள். வேலை முடிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, எப்போது என்று தெரிந்தால் போதும். இதற்கு அப்புறம் நான் வீட்டில் சோறு பிசையும்போது வேலையை நினைப்பது குறைந்துவிட்டது.

புள்ளியை முதலில் அடியுங்கள்

பதினேழு வயதில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் மெஷினில் உட்கார்ந்தேன். அந்த மெஷினில் 'க்' அடிக்க வேண்டுமானால் க-வை முதலில் அடிக்கக் கூடாது. முதலில் புள்ளி. புள்ளியை அடித்தால் உருளை நகராது, காத்திருக்கும். அப்புறம் க-வை அடித்தால் அது போய்ப் புள்ளிக்குக் கீழே சரியாக உட்காரும். எழுத்து வருவதற்கு முன்பே அதன் தலையில் இருக்க வேண்டியது தயாராக இருக்க வேண்டும். கை பழகுவதற்குள் எத்தனையோ காகிதம் வீணாகும். பழகிவிட்டால் யோசிக்கவே வேண்டாம்.

பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் சொல்வதை மகள் விளக்கியபோது எனக்கு இந்தப் புள்ளிதான் ஞாபகம் வந்தது. 'நன்றாக வேலை செய்வேன்' என்று உறுதி எடுப்பதைவிட, 'இது நடந்தால் நான் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பவர்கள்தான் நினைத்ததைச் செய்து முடிக்கிறார்கள் என்கிறார். நேரம் வரும்போது உட்கார்ந்து யோசிக்க வேண்டியதில்லை, நடப்பதே நம்மைத் தூண்டிவிடும்.

எனக்கு மூன்று இருக்கிறது, அதற்கு மேல் வைத்தால் எனக்கு மறந்துவிடுகிறது. 'ஒரு ஜெராக்ஸ் மட்டும்' என்று யாராவது சொன்னால், விரலை எடுக்காமல் "இந்தப் பத்தி முடிச்சிட்டு வர்றேன், உக்காருங்க" என்பேன். போன் அடித்தால், மேசை இழுப்பறைக்குள்ளேயே அடிக்கட்டும், மனு முடிந்ததும் நானே கூப்பிடுவேன். ஒருவர் சொல்வது எனக்குப் புரியாமல் தலை கிறுகிறுத்தால், "ஐயா, மொதல்ல இருந்து ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை கீபோர்டைத் தொட மாட்டேன். உட்காருவதற்கு இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டேன். உட்கார்ந்திருக்கிறவர் நிற்கிறவரைவிட நிதானமாகக் காத்திருப்பார்.

நீங்களும் எழுதி ஒட்டுங்கள். 'நடந்தால்' என்ற பக்கம் கண்ணால் பார்க்கிற, காதால் கேட்கிற ஒன்றாக இருக்க வேண்டும். 'கோபம் வந்தால்' என்பது வேலைக்கு ஆகாது, 'ஒருவர் குரலை உயர்த்தினால்' என்பது ஆகும்.

யாருக்காக என்று முகத்தைப் பாருங்கள்

இது வரைக்கும் சொன்னது கவனம். வேலைக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது என்ற எண்ணம் வேறு இடத்திலிருந்து வந்தது, வந்த பிறகு கவனத்துக்கு நான் இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கவில்லை.

ஆடம் கிராண்ட் என்பவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் போனில் நன்கொடை கேட்கிற வேலை. எடுத்தவர்களெல்லாம் முகத்தில் அடித்த மாதிரி போனை வைப்பார்கள். அந்த ஊழியர்களில் ஒரு பகுதியினரை, அந்தப் பணத்தில் படிக்கிற ஒரு மாணவரோடு சில நிமிடங்கள் உட்கார்ந்து பேச வைத்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் போனில் செலவழித்த நேரமும் திரட்டிய பணமும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தன. சம்பளத்தைக் கூட்டவில்லை, மேற்பார்வையை இறுக்கவில்லை. யாருக்காக என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

இதைக் கேட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. போன் ஊழியர்களுக்காவது அந்த மாணவரைத் தேடிக் கூட்டிவர வேண்டியிருந்தது. என் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறவரை நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே "பேரு, அப்பா பேரு, ஊரு" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு விஷயம் மாற்றினேன். "என்ன மனு?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, திரும்பி உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன ஆகணும்?" என்று கேட்கிறேன். கேள்வி இப்படி மாறியதும் பதிலும் மாறிவிட்டது. 'முதியோர் உதவித்தொகை மனு' என்று வந்திருப்பார், கேட்டால் உதவித்தொகை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்து நின்றுபோயிருக்கும், தேவைப்படுவது வேறு மனு.

இரண்டாவது, அடித்து முடித்ததும் முழுசாக வாசித்துக் காட்டுகிறேன். போன மாதம் மேலூர் பக்கத்திலிருந்து ஓர் ஆத்தா வந்தது. வீட்டுக்காரர் தவறிவிட்டார், விதவை உதவித்தொகைக்கு மனு. 'எனக்கு வேறு ஆதரவு இல்லை' என்ற வரியை வாசித்தபோது கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னது. "மகன் இருக்கான் தாயி. பாக்க மாட்டேங்கிறான். இல்லேன்னு எழுதாத." அந்த வரியை நான் யோசித்து அடிக்கவில்லை, வழக்கமாகப் போடுகிற வரி, அதுபாட்டுக்கு வந்துவிட்டது. அழித்துவிட்டு, 'எனக்கு ஒரு மகன் உண்டு. அவர் என்னைப் பராமரிப்பதில்லை' என்று மாற்றி மறுபடி வாசித்தேன். தலையை ஆட்டியது. இடது பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தி, காகிதத்தில் உருட்டி வைத்துவிட்டு, மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான் என் பேச்சு" என்றது.

வாசித்துக் காட்ட ஆரம்பித்த பிறகு சர்வே எண் தப்பு ஒன்றுகூட என் கடையைத் தாண்டிப் போகவில்லை. வாசிக்கும்போது காதில் விழுந்துவிடும், எனக்குத் தப்பினால் அவர்களுக்குத் தப்பாது.

உங்கள் வேலை யாரைப் போய்ச் சேருகிறது என்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நீங்கள் இருக்கலாம். குடோனில், கணக்குப் பிரிவில், பின்கட்டில். அப்படியானால் மாதம் ஒரு தடவையாவது முன்கட்டுக்குப் போய் நில்லுங்கள். நீங்கள் பில் போட்ட சரக்கை யார் வாங்குகிறார், நீங்கள் தைத்த சட்டையை யார் போட்டுக்கொள்கிறார் என்று ஒரு முகத்தையாவது பாருங்கள்.

வேலையின் ஓரத்தை நீங்களே கொஞ்சம் வெட்டித் தையுங்கள்

ஏமி ரெஸ்நெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசிப் பார்த்து 2001-இல் எழுதினார்கள். ஒரே வேலை, ஒரே கூலி. சிலர் தரையைத் துடைப்பதுதான் வேலை என்றார்கள். சிலர் நோயாளி குணமாவதில் தங்களுக்கும் பங்கு இருக்கிறது என்றார்கள், நடப்பிலும் அப்படியே இருந்தார்கள். சுயநினைவு இல்லாத நோயாளிகள் இருந்த வார்டில் ஒருவர், ஏதோ ஒரு மாற்றம் அவர்களுக்கு எட்டட்டும் என்று சுவர்ப் படங்களை அவ்வப்போது இடம் மாற்றி மாட்டுவாராம். யாரும் சொல்லிச் செய்ததில்லை.

நான் என் வேலையில் சேர்த்துக்கொண்டது ஒரு சின்னத் துண்டுச் சீட்டு. மனுவோடு என்னென்ன நகல் இணைக்க வேண்டும், எந்த இடத்தில் கொடுக்க வேண்டும், கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்க வேண்டும், அதன் எண்ணைப் பத்திரமாக வைக்க வேண்டும். பெரிய எழுத்தில் நாலு வரி. இதற்குக் காசு வாங்குவதில்லை.

ஆனால் இதில் ஓர் எல்லை வேண்டும், இதை அழுத்திச் சொல்கிறேன். 'கண்டிப்பா கிடைச்சிரும்' என்று யாருக்கும் சொல்ல மாட்டேன், அது என் கையில் இல்லை. அதே போல, வேலை பிடித்திருக்கிறது என்பதற்காகக் கூலியை விடவும் மாட்டேன். வட அமெரிக்க மிருகக்காட்சிசாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றி 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. இந்த வேலைக்கென்றே பிறந்தோம் என்று நினைத்தவர்கள் ஆழ்ந்த நிறைவோடு இருந்தார்கள், அதே ஆட்கள்தான் குறைந்த சம்பளத்தையும் சுரண்டலையும் தாங்கிக்கொண்டும் இருந்தார்கள். வேலையில் அர்த்தம் இருக்கிறது என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால், கூடவே சம்பளத்தைப் பற்றியும் பேசுகிறாரா என்று பாருங்கள்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள்

மாற்றமே இல்லாத படிவங்களை அடுக்கடுக்காக நிரப்பும் நாள் வரும். அன்றைக்கு வேலையைக் கொஞ்சம் கடினமாக்கிக்கொள்வேன். பத்துப் படிவம், ஒரு தடவைகூட அழிக்காமல். வேலை திறமைக்குக் கீழே இருந்தால் சலிப்பு, மேலே இருந்தால் பதற்றம், இரண்டும் சமமாக வரும் இடத்தில்தான் ஆள் அதில் கரைகிறார் என்பது மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1970களிலிருந்து சொல்லிவந்தது. கைப்பழக்கமான எந்த வேலையிலும் இதைச் செய்யலாம்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் கண் எழுத்தைத் தொடும், மனசு தொடாது. முன்பெல்லாம் போனை எடுத்துப் பார்ப்பேன், அது இளைப்பாறுதல் இல்லை. இப்போது காந்தி மியூசியம் வளாகத்து மரங்களுக்குக் கீழே இருபது நிமிஷம் நடந்துவிட்டு, வருகிற வழியில் ஒரு டம்ளர் பருத்திப்பால் குடித்துவிட்டு வருகிறேன். அமெரிக்காவின் மிச்சிகனில் 2008-இல் வெளியான ஒரு சோதனையில், நகரத் தெருவில் நடந்தவர்களைவிட மரங்களுக்கு நடுவே நடந்தவர்களுக்குக் கவனம் நன்றாகத் திரும்பியது. பருத்திப்பாலுக்கு ஆய்வு வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்காதீர்கள். நோட்டிலிருந்து தொடங்குங்கள், மூன்று வாரம் அது மட்டும். கை அதற்குப் பழகியதும் அடுத்தது.

அந்த உசிலம்பட்டிப் பெரியவர் இந்த ஆடி மாதம் மறுபடி வந்திருந்தார், இந்தத் தடவை தம்பியோடு. இரண்டு பேரும் சேர்ந்து பாதைக்கு ஒரு மனு. நான் வேறொருவருக்கு அடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒரு பையன், "அக்கா, ஒரு ஜெராக்ஸ் மட்டும்" என்று காகிதத்தை நீட்டினான். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் கையை நீட்டி அவனை மறித்தார்.

"இருப்பா. அந்தப் பொண்ணு முடிக்கட்டும்."